தொழிலாளர் நலப் பரிந்துரை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு வரைவு என் பார்வைக்கு வந்தது. தர்மபுரி மாவட்டத்து அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு அரசு என்ன செய்யலாம் என்று ஓர் இளைஞர் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார். நல்ல உழைப்பு. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: ‘போலிப் பதிவுகளைத் தடுக்க, வேலை தருபவரின் கையெழுத்திட்ட சான்று கட்டாயமாக்கப்பட வேண்டும்.’ அதற்கு மேல் படிக்க முடியவில்லை. ஏறக்குறைய இதே வரியைப் பல வருடங்களுக்கு முன் நானும் எழுதியிருக்கிறேன்.

சட்டத்தின் ஆண்டு தப்பாக விழுவது, கூட்டல் பிழை இதையெல்லாம் இங்கே எடுக்கவில்லை. யார் கண்ணிலாவது பட்டுத் திருத்திவிடுவார்கள். நல்ல யோசனை மாதிரியே தெரிந்து அரசாணை வரைக்கும் போய்விடக்கூடியவைதான் ஆபத்து.

கணக்கெடுக்கும் மாதம்

கிருஷ்ணகிரி பக்கம் ஜூனில் போய்க் கேட்டால் எல்லோருக்கும் வேலை இருக்கும். மாம்பழ சீசன், மாங்கூழ் கம்பெனிகளில் பெண்கள் ராத்திரி ஷிப்டும் பார்ப்பார்கள். அதே வீட்டுக்கு அக்டோபரில் போனால் கதை வேறு. கல்லூரி திறப்பதற்குள் மாணவர்கள் உதவிக்குக் கிடைப்பார்கள் என்பதற்காகவே நாங்கள் ஒருமுறை ஜூன் தொடக்கத்தில் கணக்கெடுத்தோம். வந்த கூலியை 12ஆல் பெருக்கி ஆண்டு வருமானம் என்று அட்டவணையும் போட்டாகிவிட்டது. அதை வாசித்துக் காட்டியபோது ஓர் அக்கா கேட்டார்: “இவ்ளோ பணம் எங்க வீட்டுக்கு வருதுங்களா சார்? மிச்சம் எங்கீங்க?”

தொழிலாளியிடமே சான்று கேட்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

உதவித்தொகை தரும் அரசு நலவாரியத்தில் கட்டடத் தொழிலாளியாகப் பதிய 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும். 1996ஆம் வருட மத்தியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே வந்திருக்கிறது. 90 நாள் இருக்கட்டும். அந்த 90 நாளுக்கு யார் சாட்சி என்பதில்தான் கோளாறு.

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், ஏரியூர் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் ஆள் பெங்களூரில்தான் இருப்பார்கள். சித்தாள், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் போடுகிறவர். ஒரு வருடத்தில் ஐந்தாறு கட்டடம், இரண்டு மூன்று மேஸ்திரி மாறும். மேஸ்திரிக்கு மேலே சப் கான்ட்ராக்டர், அவருக்கு மேலே கம்பெனி. கட்டடம் யாருடையது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

பல வருடங்களுக்கு முன் நாங்கள் நலவாரிய விண்ணப்பம் போட உதவும் சின்ன மையம் ஒன்று வைத்திருந்தோம். செங்கல்லைத் தொடாதவர்கள்கூடக் கட்டடத் தொழிலாளி என்று பதிகிறார்கள் என்ற பேச்சு எங்கும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு விதி போட்டேன்: மேஸ்திரியோ முதலாளியோ கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் நம் மையத்தில் விண்ணப்பம் வாங்கக் கூடாது. இப்படி யாரும் கேட்கவில்லை. நானாகச் செய்தது. செய்ததோடு நிற்காமல், மாநிலம் முழுக்க இப்படியே வைக்கலாம் என்று பரிந்துரைக் குறிப்பிலும் எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து விண்ணப்பக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். கடிதத்தோடு வந்தவர்களில் ஒருவர் சிமென்ட் கடைக்காரரின் மச்சான். இன்னொருவர் இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். கடிதங்கள் எல்லாம் டைப் அடித்து, ரப்பர் ஸ்டாம்ப் வைத்து, குறை சொல்ல இடமில்லாமல் இருந்தன. கல் சுமக்கிறவர்களின் விண்ணப்பம்தான் இல்லை. ஒரு மேஸ்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். “கையெழுத்துப் போட்டா நாளைக்கு பி.எஃப். கேப்பாங்க, அடிபட்டா நஷ்டஈடு கேப்பாங்க. வேலைக்கு வரட்டும் சார், பேப்பர் மட்டும் வேணாம்” என்றார். அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் கணக்கு சரிதான். மச்சானுக்குக் கையெழுத்துப் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. சித்தாளுக்குப் போட்டால் பொறுப்பு வந்துவிடும். போலியைத் தடுக்க வைத்த சல்லடை போலியை மட்டும் உள்ளே விட்டது.

ஏரியூர் பக்கத்து அம்மா ஒருவர் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை, மகளின் நோட்டில் கிழித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். சர்ஜாபூர் ஏழு வாரம், எலெக்ட்ரானிக் சிட்டி நாலு வாரம், ஒயிட்ஃபீல்டு ஒன்பது வாரம் என்று மகள் எழுதிக் கொடுத்திருந்தாள், ஒவ்வொன்றிலும் மேஸ்திரி பெயரோடு. யார் கையெழுத்தும் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தேன். அடுத்த பொங்கலுக்குள் அவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. உறுப்பினர் இல்லை, அதனால் உதவித்தொகையும் இல்லை. எங்கள் கட்டில் இருந்த எந்தக் கடிதத்தைவிடவும் அந்தத் தாள் நல்ல சாட்சி.

‘அப்போ போலியை விட்டுவிடுவதா?’ என்று இளைஞர்கள் கேட்பார்கள். கூட வேலை செய்த இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியலைக் கிராம சபையில் வாசியுங்கள். யார் கொத்தனார், யார் கடைக்காரர் என்று ஊருக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் துறை விசாரித்து நீக்கட்டும், அதுவரை பதிவு செல்லுபடியாக இருக்கட்டும். வேலை தருபவரிடம் கேட்க வேண்டியதை அவர் செஸ் (கட்டடத் தொழிலாளர் நலனுக்காகக் கட்டும் வரி) கட்டும்போது கேளுங்கள்: இந்தக் கட்டடத்தில் வேலை செய்த ஆட்களின் பட்டியல் எங்கே?

இன்னொன்று. போலிகள் நிதியைத் தின்றுவிடுவார்கள் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். 2018இல் இந்த நிதி பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோதுதான் தெரிந்தது, நாடு முழுக்க வசூலான செஸ் 37,000 கோடிக்கு மேல், செலவானது சுமார் 9,500 கோடி. பணத்தை யாரும் தின்னவில்லை, அது தூங்கிக்கொண்டிருந்தது. அதிலும் செஸ் கட்டடம் எழும் மாநிலத்துக்குப் போகிறது. ஏரியூர் அம்மா சுமந்த கல்லுக்கான காசு கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், அவர் படுத்துக் கிடந்தது இந்தப் பக்கம். இந்த மாவட்டங்களைப் பற்றி எழுதுகிறவர் மாநில எல்லையைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் அந்தக் குறிப்பைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இ-ஷ்ரம் எண்ணிக்கை

இ-ஷ்ரம் என்பது அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இணையதளம். அதில் நடப்பது பெயர்ப் பதிவு மட்டும். ‘பாதுகாப்புப் பெற்றவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் போடாதீர்கள்.

ஜோடிக் கணக்கு

செங்கல் சூளையில் முன்பணம் ஜோடிக்கு, கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. கணக்கு நோட்டில் புருஷன் பெயர் மட்டும் இருக்கும். நீங்களும் ‘குடும்ப வருமானம்’ என்று எழுதிவிட்டால் குறைந்தபட்சக் கூலி கிடைத்துவிட்டது போலத் தெரியும். இரண்டால் வகுத்துப் பாருங்கள். பிள்ளையும் கல் திருப்பிப் போட்டிருந்தால் மூன்றால். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வகுக்க மறந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

‘தேவை குறைந்துவிட்டது’

நூறு நாள் வேலைத் திட்டம் பற்றிய குறிப்புகளில் இந்த வரியை நிறையப் பார்த்தாகிவிட்டது. வேலை கேட்டு 15 நாளில் தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்று அதற்கான 2005 சட்டம் சொன்னது. வாயால் கேட்டுவிட்டு, தேதி போட்ட ரசீது வாங்காமல் வீட்டுக்குப் போனவர்கள் பதிவேட்டில் கேட்காதவர்கள். ரசீது கொடுத்தார்களா என்று பார்க்காமல் இந்த வரியை எழுதாதீர்கள்.

‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’

இந்த வரியை அடித்துவிடுங்கள்.

கருத்துக் கேட்பு நேரம்

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு மண்டபத்தில் கூட்டம் போட்டால் நானும் என்னைப் போன்றவர்களும்தான் வருவோம். ஓசூர் ஒப்பந்தத் தொழிலாளி அந்நேரம் ஷிப்டில் இருப்பார். பெங்களூர் போகிறவர்களைப் பிடிக்க வேண்டுமானால் திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்குத் தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் போங்கள். பஸ் வருவதற்குள் இருபது நிமிடம் பேசலாம். நோட்டை மட்டும் வெளியே எடுக்காதீர்கள், லோன்காரர் என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள்.