உணவுச் செயலியில் பணம் செலுத்துமுன் பார்க்க வேண்டியவை

செயலி வழியாக உணவு ஆர்டர் செய்பவர், பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துமுன் பில்லில் உள்ள ஒவ்வொரு விவரத்தையும் விரித்துப் பார்க்க வேண்டும். ‘வரிகளும் கட்டணங்களும்’ என்பதன் ஓரத்தில் சிறிய அம்புக்குறி இருந்தால், அதைத் தொட்ட பிறகே டெலிவரி கட்டணம், செயலி நிறுவனம் வசூலிக்கும் தளக் கட்டணம், பேக்கிங் கட்டணம் ஆகியவை தனித்தனியே தெரியும். டிப்ஸோ நன்கொடையோ முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருந்தால் நீக்கிவிடலாம். கேட்காமல் சேர்த்த தொகையை நீக்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பட்டியலில் முதலில் வரும் உணவகமே சிறந்தது என்று கொள்ள வேண்டாம். பெயருக்கு அருகே வெளிறிய எழுத்தில் ‘விளம்பரம்’ என்றிருந்தால், அந்த இடம் காசு கொடுத்து வாங்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதிமுறைப்படி, உணவகங்களை எந்த முதன்மைக் காரணிகளைக் கொண்டு வரிசைப்படுத்துகின்றன என்பதைத் தளங்கள் தங்கள் நிபந்தனைகளில் விளக்கியாக வேண்டும். இந்தியாவில் 2023இல் வெளியான வழிகாட்டுதல்களோ, கேட்காததைக் கூடையில் சேர்ப்பதையும், மறைத்து வைத்த கட்டணத்தைக் கடைசிக் கட்டத்தில் காட்டுவதையும் தடுக்கின்றன.

பின்னர் முறையிட நேரலாம் என்பதால், கட்டண விவரம் முழுவதும் விரிந்திருக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.