கணினி ஆன் ஆனதும் ரீப்ளே பஃபர் ஓட வேண்டுமா? நான் செட் செய்திருக்கும் விதம்

கணினி விளையாட்டில் நல்ல ஷாட் சொல்லிவிட்டு வராது. அடித்து முடித்த பிறகு ஹாட்கீயைத் தட்டினால் கடைசி நொடிகள் வீடியோவாகச் சேமிக்கப்பட வேண்டும். அதற்கு ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு புரோகிராமின் ரீப்ளே பஃபர், அதாவது கடைசிச் சில நொடிகளை எப்போதும் நினைவில் வைத்திருக்கும் வசதி, முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நான் அதைக் கையால் தொடங்குவதே இல்லை. விண்டோஸில் லாகின் செய்தால் தானாகவே ஓடும்.

ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு ஷார்ட்கட் போட்டால் போதாதா என்பார்கள். எனக்குப் போதாது. கேம் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) முழுவதையும் இழுக்கும்போது ரெக்கார்டிங் திணறாமலிருக்க ஓபிஎஸ்ஸை அட்மின் உரிமையோடு ஓட்டுவது நல்லது. அப்படிப்பட்ட புரோகிராம் ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலிருந்து சத்தமில்லாமல் தொடங்காது. ஆகவே குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாகத் தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர்தான்.

முதலில் ஓபிஎஸ்ஸின் செட்டிங்ஸில் 'அவுட்புட்' பக்கம் போய் ரீப்ளே பஃபரை எனேபிள் செய்து, ஹாட்கீயும் வைத்துவிடுங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலரைத் தேடித் திறந்து 'கிரியேட் டாஸ்க்' கொடுங்கள். 'பேசிக் டாஸ்க்' வேண்டாம். நமக்கு வேண்டிய பாதி விஷயம் அதில் வராது.

'ஜெனரல்' டேபில் 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் செய்யுங்கள். 'ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லாக்ட் ஆன்' அப்படியே இருக்கட்டும். அதை மாற்றினால் புரோகிராம் ஓடும், ஆனால் விண்டோ கண்ணில் படாது. 'டிரிகர்ஸ்' டேபில் 'அட் லாக் ஆன்', உங்கள் கணக்கு மட்டும், தாமதம் 30 நொடி. இந்த 30 நொடியை விட்டுவிடாதீர்கள்: லாகின் ஆன உடனே யூஎஸ்பி மைக் எழுந்திருக்காது, ஓபிஎஸ் முந்திக்கொண்டால் கிளிப்பில் உங்கள் குரல் இருக்காது.

'ஆக்‌ஷன்ஸ்' டேபில்தான் பலருக்குச் சிக்கல். புரோகிராமின் பாதையைக் கொடுத்துவிட்டு 'ஸ்டார்ட் இன்' பெட்டியைக் காலியாக விடுவார்கள். ஓபிஎஸ் தன் மொழிக் கோப்புகளைத் தான் தொடங்கும் ஃபோல்டரை வைத்தே தேடும். கிடைக்காவிட்டால் லோக்கேல் கோப்பு இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே ஓபிஎஸ் இன்ஸ்டால் ஆன இடத்தில் 'பின்' ஃபோல்டருக்குள் இருக்கும் '64பிட்' ஃபோல்டரின் முழுப் பாதையை அங்கே போடுங்கள். மேற்கோள் குறி வேண்டாம், பாதையில் இடைவெளி இருந்தாலும்கூட.

'ஆர்க்யுமென்ட்ஸ்' பெட்டியில் இரண்டு. ஒன்று, இரண்டு சிறுகோடு போட்டு 'ஸ்டார்ட்ரீப்ளேபஃபர்', ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளியே இல்லாமல். மற்றொன்று, அதேபோல் இரண்டு சிறுகோட்டுக்குப் பின் 'மினிமைஸ்-டு-ட்ரே', சொற்களுக்கு நடுவே ஒற்றைக் கோடு. ஓபிஎஸ் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ட்ரேயில் ஒதுங்கி நிற்கும், திரையை மறைக்காது.

லேப்டாப் என்றால் 'கண்டிஷன்ஸ்' டேபையும் பாருங்கள். சார்ஜரில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற டிக் முன்பே போட்டிருக்கும், எடுத்துவிடுங்கள். 'செட்டிங்ஸ்' டேபில் 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்று ஒன்று இருக்கும். கணினியை அணைக்காமல் ஸ்லீப்பில் போடுபவர்கள் அதையும் எடுங்கள்.

இவ்வளவு வசதியைப் பார்த்ததும், கேம்களைத் திறக்கும் லாஞ்சரான ஸ்டீமையும் இதே வழியில் தொடங்கத் தோன்றும். வேண்டாம். டாஸ்க் ஷெட்யூலர் தொடங்கும் எதற்கும், நாம் மாற்றாதவரை, முன்னுரிமை எண் 7, அதாவது சாதாரணத்துக்கும் கீழே. விண்டோஸில் அப்படித் தொடங்கிய புரோகிராம் திறக்கும் இன்னொரு புரோகிராமுக்கும் அதே தாழ்ந்த நிலை ஒட்டிக்கொள்ளும். ஸ்டீம் கீழே என்றால், தானே மாற்றிக்கொள்ளாத எந்த கேமும் கீழே. ஃப்ரேம் ஏன் தடுமாறுகிறது என்று கிராஃபிக்ஸ் செட்டிங்ஸைக் குடைந்துகொண்டிருப்பீர்கள், காரணம் அங்கே இருக்காது. ஸ்டீமுக்கு அதன் செட்டிங்ஸிலேயே கணினியோடு தொடங்கும் வசதி உண்டு, அதுவே போதும்.

வேறு ஏதாவது லாஞ்சரை டாஸ்க் வழியாகத்தான் தொடங்கியாக வேண்டும் என்றால், டாஸ்க்கை எக்ஸ்போர்ட் செய்து, அந்த எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேடில் திறந்து, 'பிரையாரிட்டி' வரியில் 7 இருக்குமிடத்தில் 5 போட்டுச் சேமியுங்கள். பழைய டாஸ்க்கை நீக்கிவிட்டு இதை இம்போர்ட் செய்யுங்கள். 4 முதல் 6 வரை சாதாரண நிலைதான்.

சோதிக்கும்போது டாஸ்க்கில் ரைட் கிளிக் செய்து 'ரன்' கொடுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒருமுறை ரீஸ்டார்ட், ஒருமுறை ஷட்டவுன் செய்து ஆன் என இரண்டு வழியிலும் பாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் கணினியில் இவை இரண்டும் ஒன்றல்ல. 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' பத்தியில் 0எக்ஸ்41301 என்று வந்தால் பதற வேண்டாம், டாஸ்க் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஹாட்கீயைத் தட்டி ஒரு கிளிப் சேமித்து, அதில் உங்கள் குரலும் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் 30 நொடியை 1 நிமிடமாக்குங்கள்.