வயிற்றில் முடிக்கட்டி: ஸ்கேனுக்கு முன்னால் தலையைப் பாருங்கள்

சோற்றில் கிடந்த முடி ஒன்றை விழுங்கிவிட்டால் வயிற்றில் கட்டியாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அது மலத்தோடு போய்விடும். டிரைக்கோபெசோர் எனப்படும் முடிக்கட்டி, முடியைப் பிடுங்கித் தின்னும் பழக்கம் நெடுநாள் நீடிப்பதால் வருவது. வளரிளம் பெண்களிடமே அதிகம். முடி செரிக்காது, இரைப்பை மடிப்புகளில் தங்கி, உணவோடு சிக்கி, இரைப்பையின் வடிவத்திலேயே இறுகிவிடும். எந்த நிற முடியானாலும் அமிலம் பட்டுக் கறுத்துப்போகும்.

முடிக்கட்டியால் வரும் ஒவ்வொரு தொல்லைக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, மெலிவுக்குக் குடற்புழு மருந்து, வலிக்கு அல்சர் மாத்திரை என்று மாதங்கள் ஓடிவிடும். இரண்டு கவளத்திலேயே தட்டைத் தள்ளிவிடும் பெண்ணுக்கு வாந்தியும் இருந்து, மேல்வயிற்றில் கெட்டியாக ஏதோ கையில் தட்டுப்பட்டால், பின்னலைப் பிரித்து உச்சந்தலையைப் பாருங்கள். திட்டுத்திட்டாக முடி குறைந்து, குட்டையும் நெட்டையுமாக முறிந்திருக்கும். தலை நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சந்தேகத்தைக் கைவிடாதீர்கள்: சீப்பில் சிக்கிய முடியையும் பொம்மை முடியையும் தின்பவர்கள் உண்டு. பெற்றோர் எதிரில் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். தனியாக, அதட்டாமல் கேட்க வேண்டும்.

யாரோ இடுமருந்து வைத்துவிட்டார்கள் என்று, மருந்து எடுப்பவரிடம் கூட்டிப்போய் வாந்தி எடுக்க வைப்பது வீண்வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அல்ட்ராசவுண்டில் தெளிவில்லை என்பதால் "ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. முடியின் மேற்பரப்பே ஒலியைத் திருப்பிவிடுவதால் பின்னால் வெறும் நிழல்தான் விழும். சி.டி. ஸ்கேனில் முடிக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளும் கட்டியின் அளவும் தெரியும். எண்டோஸ்கோபியில் முடியையே பார்த்துவிடலாம்.

கோலா குடித்தால் கரையும் என்பது காய்கனி நாரால் ஆன கட்டிகளுக்குப் பொருந்தும், முடிக்கு அல்ல. பெரிய கட்டியை எண்டோஸ்கோபி மூலம் துண்டு துண்டாக எடுக்க முயல்வது பெரும்பாலும் தோற்கும். நழுவிய துண்டு சிறுகுடலை அடைத்துவிடவும் கூடும். இரைப்பையைத் திறந்து முழுதாக எடுப்பதே பெரும்பாலும் நம்பகமான வழி. கட்டியின் வால் குடலுக்குள் நீண்டிருந்தால் அது ராபுன்சல் சிண்ட்ரோம். 1968இல் முதலில் விவரிக்கப்பட்டது. தனியாகப் பிரிந்த கட்டிகள் இருக்கலாம் என்பதால் சிறுகுடல் முழுவதையும் தடவிப் பார்க்காமல் தையல் போடக் கூடாது.

தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைக்கிறார்கள். மொட்டை அடித்துவிட்டால் போதும் என்பவர்களும் உண்டு. முடி வளரும், பழக்கமும் திரும்பும். கை தலைக்குப் போகும் நேரத்தைக் கண்டுகொண்டு அதற்கு வேறு வேலை கொடுக்கப் பழக்கும் சிகிச்சை உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் முன்பே மனநல மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துவிடுங்கள்.