பேட்டரியை மாற்றும் முன்: பழைய காரில் சார்ஜ் கோளாறு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரில் முகப்பு விளக்கு மங்கினாலும் சரி, காலையில் செல்ஃப் எடுக்காமல் முனகினாலும் சரி, முதல் பழி பேட்டரியின்மேல்தான் விழுகிறது. இருபது, முப்பது வயதான மாருதி 800 வைத்திருப்பவர்களில், புதிய பேட்டரி போட்டுச் சில மாதங்களிலேயே அதுவும் இறங்கிப்போய் மீண்டும் கடைக்கு ஓடியவர்கள் உண்டு. அந்தப் பணம் மிச்சமாக வேண்டும் என்றால், எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரும், 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் இணைத்த சோதனை விளக்கும் கையில் இருந்தால் போதும்.

அளப்பவர்களும் தவறான நேரத்தில் அளக்கிறார்கள். வண்டியை ஓட்டிவந்து நிறுத்திய உடனே மீட்டரை வைத்தால் 13 வோல்ட்டுக்கு அருகில் காட்டும். அது பேட்டரித் தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ். சற்று நேரத்தில் கரைந்துவிடும். இரவு முழுவதும் நிறுத்தி வைத்துக் காலையில் அளப்பது சிறந்தது. அவசரமென்றால், முகப்பு விளக்கை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளக்கலாம். 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். '12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருக்கிறதே, அப்புறம் என்ன?' என்று விட்டுவிடுவதுதான் இங்கே அதிகம் ஏமாற்றும் தவறு. 10.5 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்று, சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள்; அப்போது பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

சும்மா இருக்கும்போது 12.6 காட்டும் பேட்டரியும் பாரம் ஏறியதும் படுத்துவிடலாம். ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். முழு சார்ஜில் உள்ள நல்ல பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். முழு சார்ஜில் அமிலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.265 முதல் 1.280 வரை இருக்கும். செல்லுக்குச் செல் 0.050 அளவுக்கு வித்தியாசம் தெரிந்தால் அந்தச் செல் தேறாது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆவியாகிப்போனது தண்ணீர்தான், அமிலம் அங்கேயே இருக்கிறது. எனவே அமிலம் ஊற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரும், கடையில் விற்கும் குடிநீர் பாட்டிலும் வேண்டாம், அவற்றில் உப்புகள் இருக்கின்றன.

இனி ஆல்டர்னேட்டர், அதாவது என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். இதை ஐடிலில், எல்லா விளக்குகளும் அணைந்திருக்கும்போது மட்டும் பார்த்துவிட்டு 'சார்ஜ் ஆகிறது' என்று முடிவு கட்டுவது அரைச் சோதனை. முகப்பு விளக்கு, வைப்பர், புளோவர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்று உயர்த்திப் பிடித்து அளக்க வேண்டும். அப்போதும் 13.5-க்கு மேல் நின்றால் நிம்மதி. 13-க்குக் கீழே விழுந்தால் முதலில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். பளபளப்பாகத் தேய்ந்த பெல்ட் பாரம் ஏறும்போது வழுக்கும். அடுத்து கார்பன் பிரஷ், அதன்பின் டயோட். ஆல்டர்னேட்டருக்குள் மூன்று கட்ட மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்குபவை டயோட்கள்தான். அவற்றில் ஒன்று போனாலும் பாரமில்லாத நேரத்தில் மீட்டர் நல்ல எண்ணையே காட்டக்கூடும். எல்லாம் போட்ட நிலையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி அளந்தால் குட்டு வெளிப்படும்: அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி காட்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். மீட்டரை மீண்டும் டிசி வோல்ட்டுக்குத் திருப்பி அளக்கும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால், கெட்டது வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர். பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றுவதும், பல்புகள் அடிக்கடி போவதும் இதனால்தான்.

ஒரு சோதனையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'வண்டி நிற்கவில்லை, ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது' என்று சொல்லும் பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது. பழைய டைனமோ வண்டிகளின் காலத்தில் கற்ற வித்தை அது. ஆல்டர்னேட்டரில் வரும் திடீர் மின்னழுத்த ஏற்றங்களை உள்வாங்கிக்கொள்வது பேட்டரிதான். அதை எடுத்த கணத்தில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். டயோட்களும் ரெகுலேட்டரும் அந்த நொடியிலேயே போகலாம். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைச் செலுத்தும்) வண்டியாக இருந்தால் என்ஜினை இயக்கும் கணினியான ஈசியூவும் சேர்ந்து போகலாம். சோதிப்பதற்கு முன் நன்றாக இருந்ததைச் சோதனையே கெடுத்துவிடுகிறது.

பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சரியாக இருந்தும் வண்டி தள்ளாடுகிறதா? பழைய வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி கேபிளும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பாடியோடும் என்ஜினோடும் இணைக்கும் எர்த்தும்தான். இங்கே பலரும் மீட்டரை ஓம் அளவில் வைத்துக் கேபிளைச் சோதிக்கிறார்கள். அது வீண் வேலை. செல்ஃப் சுற்றும்போது 150 ஆம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரால் அந்த 0.01 ஓமைப் பார்க்கவே முடியாது; அதன் சொந்த ஒயர்களின் தடையே அதைவிட அதிகம். இருபது இழைகளில் ஒன்று மட்டும் அறாமல் இருக்கும் ஒயரிலும் மீட்டர் முழு 12 வோல்ட் காட்டும். அதே இடத்தில் சோதனை விளக்கை வையுங்கள்; மங்கலாக எரிந்தால் ஒயர் போய்விட்டது.

சரியான வழி, மின்னோட்டம் பாயும்போது கேபிளின் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பது. மீட்டரின் ஒரு ஒயர் முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். மற்றொன்றை செல்ஃப் மோட்டாரின் தடித்த டெர்மினலில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் கோளாறு. அதே போல நெகட்டிவ் கம்பத்துக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஈயக் கம்பத்துக்கும் அதன்மேல் இறுக்கிய கிளாம்புக்கும் இடையே கிட்டத்தட்ட எதுவுமே காட்டக் கூடாது. அங்கே அரை வோல்ட் காட்டும் வண்டிகளும் இருக்கின்றன, பச்சை வெள்ளைப் பூப்பின் வேலை அது.

என்ஜின் ரப்பர் மவுண்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் மின்தொடர்பு தருவது எர்த் பட்டைதான். அது துருப்பிடித்து அறுந்தால், மின்சாரம் கிடைத்த வழியில் போகும்: கிளச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள். செல்ஃப் அடித்ததும் கிளச் கேபிளின் உறையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எர்த் பட்டையை அன்றே மாற்றுங்கள். டிங்கரிங், பெயிண்ட் வேலை முடிந்து வந்த வண்டியில் திடீரென்று விளக்குகள் மங்கினால், எர்த் போல்ட்டுக்கு அடியில் புதுப் பெயிண்ட் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுரண்டி வெறும் இரும்பு தெரிந்த பிறகே இறுக்க வேண்டும்.

டெர்மினல் பூப்பைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவலாம், செல்லுக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வாசலினை இறுக்கி முடித்த பிறகு மேலே பூசுங்கள்.

டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு பேட்டரி விளக்கையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. என்ஜின் ஓடும்போது அது எரிந்தால் ஆபத்து என்பது தெரியும். சாவியைப் போட்டதும், என்ஜின் எடுப்பதற்கு முன், அது எரியவில்லை என்றாலும் கோளாறுதான். பல ஆல்டர்னேட்டர்கள் வேலையைத் தொடங்கத் தேவைப்படும் சிறு மின்னோட்டம் அந்தப் பல்பு வழியாகத்தான் வருகிறது. சிறிய பல்பு ஒன்று போனதற்காக ஆல்டர்னேட்டரையே மாற்றுவது கொடுமை.

வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போடுவதும் தவறு. இரண்டு 55 வாட் பல்புகள் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் ஏறத்தாழ 17. பழைய ஒயரிங்கில் அத்தனை ஆம்பியரும் மெல்லிய சுவிட்ச் வழியாகவே போவதால் சுவிட்ச் உருகும், வெளிச்சமும் பெரிதாக அதிகரிக்காது. அதே 55 வாட் பல்புக்கு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்தால் கிடைக்கும் வெளிச்சமே பலருக்குப் போதுமானதாக இருக்கும்.

ஓட்டும்போது எல்லாம் சரி, இரண்டு நாள் நிறுத்தினால் மட்டும் இறங்கிவிடுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். அந்த நிலையில் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஆம்பியர் துளையில் ஒயர் இருக்கும்போதே மறதியாகப் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் நேரடி ஷார்ட். கதவுகளை மூடிப் பாருங்கள்: 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 0.3 ஆம்பியர் காட்டினால் நாளுக்கு 7.2 ஆம்பியர்-மணி போகிறது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் எண் சரிகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. பின்னாளில் பொருத்திய ஸ்டீரியோவும் அலாரமும் அடிக்கடி மாட்டுகின்றன. எல்லா ஃபியூஸையும் எடுத்தும் குறையவில்லை என்றால், மீட்டரை முழுவதுமாக விலக்கிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி, அதன் நுனியைத் துணி சுற்றி ஒதுக்கிவைத்து மீண்டும் அளங்கள். இப்போது எண் விழுந்தால் கசிவது டயோட். பல ஆல்டர்னேட்டர்களில் டயோட் தட்டை மட்டும் தனியாக மாற்ற முடியும். முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்னால், காரணம் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.