கிராஞ்சிப் பண்ணைப் பக்கம் ஒரு பிற்பகல்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன டிசம்பர் விடுமுறைக்கு அக்கா மகன் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தான். இங்கே வடமேற்கில் இருக்கும் கிராஞ்சிக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கட்டில்மேல் பெட்டி திறந்து கிடக்கிறது. துணிமணிக்கு நடுவே ஒரு ஏர் கன். "மாமா, பண்ணைப் பக்கம் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்கல்ல, இதைக் கொண்டாரவா?" அலுவலகக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வந்து உடனே போன் போட்டேன்.

அவனைத் திட்டிப் பயனில்லை. இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. தோப்பில் அணில் விரட்ட வாங்கியது, பரணில் கிடக்கும் ஒரு சாமான், அவ்வளவுதான் அங்கே அதன் மதிப்பு. அப்புறம் யூடியூப் வேறு. இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒருவர் மதியம் முழுக்க வேலியோரம் படுத்துக்கிடந்து முயலையும் காட்டுப்புறாவையும் ஏர் ரைஃபிளால் சுடும் வீடியோக்களை அவன் விடாமல் பார்க்கிறான். அங்கே 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 ஜூல் வரை உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் கேட்பதில்லை. ஆனால் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும், எந்தெந்த இனத்தை எதற்காகச் சுடலாம் என்று கட்டுப்பாடும் உண்டு. பக்கத்து ஸ்காட்லாந்து 2016 கடைசியில் உரிமத்தையே கட்டாயமாக்கிவிட்டது. வீடியோவில் இதெல்லாம் தெரியாது. பச்சை வயலும் அமைதியும்தான் தெரியும்.

சிங்கப்பூரில் ஏர் கன் என்றால் துப்பாக்கி. பழைய ஆயுத, வெடிபொருள் சட்டத்திலும் அப்படித்தான், 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்திலும் அப்படித்தான். உரிமமில்லாமல் வைத்திருந்தாலே குற்றம். பொம்மைத் துப்பாக்கியைக் கொண்டுவரக்கூட போலீஸ் அனுமதி கேட்கும் ஊர் இது. சுடும் ஆசை இருக்கிறவர்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து, அரங்குக்குள் சுடுகிறார்கள். துப்பாக்கி வீட்டுக்கு வராது, ஆயுதக் கிடங்கிலேயே இருக்கும். 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் மார்ட்டினா வெலோசோ 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினாரே, அதுதான் இங்கே இந்தக் கலைக்குரிய இடம். பயலிடம் இதைச் சொன்னதும், "அப்ப உண்டிவில்?" என்றான். அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

சட்டத்தை விடுங்கள். ஏர் ரைஃபிள் குண்டு குறி தவறினால் சில நூறு மீட்டர் போகும். அதனால்தான் இங்கிலாந்தில் வேட்டைக்காரர்கள் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே விசையைத் தொடுகிறார்கள். கிராஞ்சியில் எந்தத் திசையில் சில நூறு மீட்டர் போனாலும் கீரைப் பாத்தியில் குனிந்திருக்கும் ஒரு தொழிலாளியோ சைக்கிளில் போகும் ஒரு குடும்பமோ இருக்கும். இந்தத் தீவில் அதற்கு இடமே இல்லை.

விலங்கைத் தொட்டாலும் வம்பு. பழைய காட்டு விலங்கு, பறவைச் சட்டத்தைத் திருத்தி, வனவிலங்குச் சட்டம் என்ற புதுப் பெயரில் 2020 ஜூனில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பாதுகாக்கப்பட்ட இனத்தைக் கொன்றாலோ பிடித்தாலோ அபராதம் 50,000 வெள்ளி வரை, சிறையும் உண்டு. பலருக்குத் தெரியாதது இன்னொன்று: தீனி போடுவதும் குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை போகலாம். குரங்குக்கு ரொட்டி நீட்டி அதைப் படமும் எடுத்துப் போடும் சித்தப்பாக்கள் கவனிக்கவேண்டும்.

சரி, துப்பாக்கியை விட்டாயிற்று. ஆனால் துப்பாக்கியோடு சேர்த்து வேட்டைக்காரனையும் விட்டுவிடுகிறார்கள் பாருங்கள், இங்கே நடக்கும் பெரிய தவறு அதுதான். அந்த இங்கிலாந்துக்காரர் முயலுக்கு முப்பது மீட்டர் பக்கத்தில் போயாகவேண்டும். இலக்கு நம் ஒரு வெள்ளி நாணய அளவு. அதற்காகக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நிழல் எங்கே விழுகிறது, எங்கே உட்கார்ந்தால் தலை வானத்தில் தெரியாது என்று பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? எட்டுப் பேர் சேர்ந்து, ஆளுக்கொரு முறுக்குப் பொட்டலத்தோடு, பேசிக்கொண்டே நடந்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்புகிறோம்.

கிராஞ்சி சதுப்புநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் ஆற்றை அணைகட்டி நீர்த்தேக்கம் ஆக்கியபோது நீர் பரவி உண்டான நன்னீர்ச் சதுப்பு அது; 2016இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். அங்கே சுமார் பத்து மீட்டர் உயரத்தில் ஒரு பார்வைக் கோபுரம் உண்டு. ஏறுகிறவர்கள் நேரே விளிம்புக்குப் போய்க் கையை நீட்டி நீட்டிக் காட்டுவார்கள். கீழே புல்லில் நிற்கும் பறவைக்கு வானத்தின் முன்னால் ஆடும் கை தெரிவதுபோல வேறு எதுவும் தெரியாது. தூணோடு ஒட்டி உட்காருங்கள். விரலால் காட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள்: "இரண்டாவது பட்ட மரம், இடது கிளை." கால் மணி நேரத்தில் சதுப்பு நம்மை மறந்துவிடும்.

நேரத்தில்தான் அடுத்த கோட்டை விடுவது. சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குக் கிளம்பி இரண்டு மணிக்குப் போய் நிற்பார்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனோடு பொருந்தாது. 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவோடு ஒன்றாக நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினோம். அதற்கு முன்பே கொஞ்சம் முன்னால்தான் இருந்தோம். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஒரு மணி வாக்கில். இரண்டு மணி என்பது நல்ல உச்சிவெயில். அந்நேரம் உடும்பு மட்டும்தான் வெளியே கிடக்கும், அதுவும் நகராது. நாலரைக்குப் போங்கள். ஐந்தரையிலிருந்து ஆறே முக்கால் வரைதான் கணக்கு. மேகம் கறுத்து இடி கேட்டால் கோபுரத்திலிருந்து இறங்கிவிடுங்கள். சுற்றிலும் வெட்டவெளி, நீங்கள்தான் உயரமான பொருள்.

தொலைநோக்கி வாங்கும்போது எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் முதலில் 20 மடங்கு என்று போட்டிருந்த ஒன்றைச் சிராங்கூன் சாலையில் பேரம் பேசி வாங்கி வந்தேன். பருந்தைப் பார்த்தால் பருந்து நடுங்கியது. நடுங்கியது என் கை. 8x42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம்: 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால் மில்லிமீட்டர். பையில் அடங்கும் 10x25இல் அது இரண்டரைதான். மதியம் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆறரை மணிக்கு மேல், வெளிச்சம் மங்கி நம் கண்மணி விரியும்போது, சின்னதில் எல்லாம் சாம்பல் பூத்துவிடும். வேண்டிய பறவை வருவதோ ஆறரைக்கு.

ஊரில் பார்த்த பறவைதானே என்று தாண்டிப் போவது இன்னொரு தவறு. உண்மையில் நமக்குத்தான் இது வசதி: மீன்கொத்தி, செம்பருந்து, கானாங்கோழி, செந்நாரை, உண்ணிக்கொக்கு, பாதிப் பேருக்குப் பெயர் பாட்டி சொல்லியே தெரியும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசை வரும் நீலவால் பஞ்சுருட்டான் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து தட்டானைப் பிடித்து, கம்பியில் அறைந்து அறைந்து விழுங்கும். காக்கைக்குக்கூட ஒரு கதை உண்டு. காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தையொட்டி இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். தோட்ட வேலைக்கு வந்தவர்கள் நாம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்ததும் கை பரபரக்கும். "காலிக் கூடுதானே, பால்கனியில மாட்டலாம்." மாட்டாதீர்கள். ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டிப் பெண்ணுக்குக் காட்டும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த கூட்டைத் தொடங்கும். நமக்குக் காலியாகத் தெரிவது அங்கே நடந்துகொண்டிருக்கும் பெண் பார்க்கும் படலமாக இருக்கலாம். கைவிட்ட கூட்டில் சில்லைகள் குடியேறுவதும் உண்டு.

கேமராக்காரர்களைப் பற்றிச் சொன்னால் நண்பர்கள் கோபிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஆந்தை முகத்தில் ஃபிளாஷ் அடிப்பது, போனில் குயில் குரலைப் போட்டுப் போட்டு அழைப்பது, கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பது, இவையெல்லாம் ஒரே வகை. சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒருவர் மீனுக்குள் ஸ்டைரோஃபோம் திணித்து, அமிழாமல் மிதக்கவிட்டு, அதைத் தூக்க வரும் கழுகைப் படமெடுத்தார். அபராதம் கட்டினார். கழுகின் வயிற்றுக்குள் போன ஸ்டைரோஃபோமை யார் எடுப்பது?

பிறகு எல்லை. வயல்தானே என்று உள்ளே இறங்கக்கூடாது. இங்கே பண்ணை நிலம் அரசிடம் குத்தகைக்கு எடுத்தது, ஒவ்வொரு பாத்தியிலும் ஒருவருடைய காசு கிடக்கிறது. கங்குங் கீரை வளர்க்கும் ஒரு பெரியவரிடம் வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். "எந்தக் கொக்கு வேணும், பின்னாடி குட்டையில நாலு நிக்குது" என்று மலாயில் சொல்லி அவரே கூட்டிப்போனார். கேட்காமல் போனவர்களை நாய் கூட்டிப்போகும். லிம் சூ காங் பக்கம் ராணுவ இடங்களும் உண்டு. சிவப்புப் பலகை, நாலு மொழி, தமிழும் இருக்கும். படத்தில் காவலாள் துப்பாக்கியை நீட்ட, எதிரே ஒருவர் கை தூக்கி நிற்பார். பயல் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "மாமா, இங்க துப்பாக்கி இந்தப் போர்டுல மட்டும்தானா?"

டிரோன் வேண்டவே வேண்டாம். தெங்கா விமானப்படைத் தளம் பக்கத்தில் இருக்கிறது, தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடக்கூடாது. லிம் சூ காங் சாலையையே ஓடுபாதை ஆக்கியதும் உண்டு. விளக்குக் கம்பங்களைக் கழற்றிவிட்டு 2016இல் போர் விமானங்களை அங்கே இறக்கிப் பயிற்சி செய்தார்கள்.

பக்கத்தில் இருக்கும் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: முதலை நிஜம். கரையில் கிடப்பது மரக்கட்டை என்று செல்ஃபிக்கு இறங்காதீர்கள். புதரில் வலையோ பொறியோ கண்ணில் பட்டால், பறவைக்கு அடிபட்டிருந்தால், நீங்களே அவிழ்க்கப் போகாமல் தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கடைசித் தவறு, சீக்கிரம் கிளம்புவது. அன்றைக்குக் கோபுரத்தில் எங்களோடு இன்னொரு குடும்பமும் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு, "ஒண்ணும் வராதுங்க" என்று எங்களுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். பயலும் நெளிய ஆரம்பித்தான். ஆறு இருபதுக்குக் கோரைப்புல் ஓரம் அசைந்தது. கோழி அளவுக்கு ஒரு பறவை, நீலமும் ஊதாவுமாக, நெற்றியில் சிவப்புக் கவசம். நீலத் தாழைக்கோழி. ஒரு தண்டைப் பிடுங்கி, காலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாம் கரும்பு கடிப்பதுபோல அடிப்பக்கத்தைக் கடித்துக் கடித்துத் துப்பியது. பயல் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இருட்டும்வரை விடவில்லை.

திரும்பி நியோ தியூ சாலைக்கு நடக்கும்போது டார்ச் இல்லாமல் சிரமப்பட்டோம். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதருக்குள்ளிருந்து டொக், டொக், டொக் என்று சத்தம். "இந்நேரத்துக்கு யாரு மாமா ஆணி அடிக்கிறது?" என்றான். பக்கிக்குருவி என்றேன். நம்பவில்லை. பஸ் நிறுத்தம் வரை எண்ணிக்கொண்டே வந்தான்.