கரண்ட் போன மலைவீட்டில் கார் பேட்டரியிலிருந்து 5 வோல்ட்

ஐப்பசி மழை பிடித்தால் கோத்தகிரிப் பக்கம் லைன் மேல் கற்பூர மரம் சாய்வது வழக்கம். சில சமயம் கரண்ட் திரும்ப ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். அதுவரை போன் சார்ஜுக்கும் சின்ன யூஎஸ்பி விளக்குக்கும் ஒரு கார் பேட்டரி போதும்.

12 வோல்ட் பேட்டரி, 3 ஆம்ப் ஃபியூஸ், ஹோல்டர், எல்.எம். 2596 சிப் உள்ள பக் கன்வர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துத் தரும்) பலகை, யூஎஸ்பி சாக்கெட், சிவப்பு, கறுப்பு வயர், மல்டிமீட்டர். இவ்வளவுதான் வேண்டும். 12 வோல்ட்டை 5 ஆக்கும் 7805 ஐசி இதைவிட மலிவுதான். ஆனால் 1 ஆம்ப் எடுத்தால் அதில் 7 வாட் வெறும் சூடாகப் போய்விடும். மழைநாளில் அந்த நஷ்டம் வேண்டாம்.

முதல் வேலை ஃபியூஸ். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் இரண்டு வயரும் உரசினால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாய்ந்து வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஹோல்டர் வர வேண்டும். பலகை பக்கத்தில் வைத்தால் நடுவில் ஓடும் வயருக்குக் காவல் இல்லை.

ஃபியூஸைச் செருகாமலே ஹோல்டரிலிருந்து வரும் சிவப்பைப் பலகையின் 'இன் பிளஸ்' முனையிலும், கறுப்பை 'இன் மைனஸ்' முனையிலும் சால்டர் செய்யுங்கள். மாற்றிக் கொடுத்தால் பலகை போய்விடும். கறுப்பின் மறுமுனை பேட்டரியின் மைனஸுக்கு. 'அவுட்' பக்கம் காலியாகவே இருக்கட்டும். இப்போது ஃபியூஸைப் போட்டு, அந்தக் காலிப் பக்கத்தை மீட்டரில் அளந்துகொண்டே பலகையில் உள்ள பித்தளைத் திருகை இடப்பக்கம் திருப்புங்கள். பத்துச் சுற்று வரை எண் அசையாமல் இருக்கலாம், பொறுமையாகத் திருப்புங்கள். 5.1 வந்ததும் ஃபியூஸை எடுத்துவிட்டு சாக்கெட்டை இணையுங்கள். நான் ஒருமுறை அளக்காமல் மாட்டி, அப்பாவின் ரேடியோ எரிந்துபோனது. இன்றுவரை அந்த வருத்தம் உண்டு.

பல வைஃபை ரூட்டர்கள் 12 வோல்ட் கேட்கும். பக் பலகை குறைக்க மட்டுமே செய்யும். அதற்கு ஏற்றவும் இறக்கவும் தெரிந்த கன்வர்ட்டர் தனியாக வாங்க வேண்டும்.

சரி, எவ்வளவு நேரம் வரும்? 35 ஆம்ப்-அவர் பேட்டரியில் பாதிதான் நம்முடையது. 10 வாட் எடுத்தால் பதினைந்து மணி நேரம் ஓடும். சும்மா இருக்கும்போது 12.2 வோல்ட் காட்டினால் நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் கார் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். ஓடும் காரின் பேட்டரியை இதற்குத் தொடவே வேண்டாம். ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். பழைய பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்கு ஜன்னல் சாத்திய அறையில் மட்டும் அதைச் சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறும்.