நித்தியகல்யாணியின் மருத்துவ குணங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நித்தியகல்யாணி என்றதும் 'அது புற்றுநோயைக் குணப்படுத்தும் செடி' என்ற பேச்சுதான் முதலில் எழும். அதில் உண்மை உண்டு, ஆனால் அது பாதியில் நின்றுவிட்ட உண்மை. இச்செடி சேர்ந்த காதராந்தஸ் பேரினத்திலிருந்து கிடைத்த வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டீன் என்னும் இரு மருந்துகள் 1960களின் தொடக்கத்திலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்பட்டு வருகின்றன. அந்த மருந்துக்கும் செடியின் இலைச் சாற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை மறப்பதுதான் இந்தச் செடி தொடர்பாக நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. தாவரங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் இதற்கு இட்ட பெயர் வின்கா ரோசியா. பிறகு தாவரவியலாளர்கள் இதைக் காதராந்தஸ் என்னும் தனிப் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஆயினும் பழைய பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உண்மையான வின்கா வேறொரு பேரினம். அதைச் சேர்ந்த வின்கா மைனர் ஐரோப்பாவில் வளரும் செடி. அதிலுள்ள முக்கியமான ஆல்கலாய்டு (செடியில் உண்டாகும், நைட்ரஜன் கொண்ட வேதிப்பொருள்) வின்காமைன். வின்போசெட்டின் என்னும் பொருள் அதிலிருந்து செய்யப்படுகிறது. இவை புற்றுநோய் மருந்துகள் அல்ல. 'வின்' என்று தொடங்குவதால் எல்லாம் ஒன்றே என்று நினைத்து, ஒன்றின் குணத்தை மற்றொன்றின்மேல் ஏற்றி எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காதராந்தஸ் பேரினத்துக்குள்ளும் இதே கவனம் வேண்டும். அதன் சிற்றினங்களில் ஒன்று மட்டும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது, மற்றவை மடகாஸ்கரைச் சேர்ந்தவை. ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை நித்தியகல்யாணியான காதராந்தஸ் ரோசியஸ் என்னும் ஒரே சிற்றினத்தில் நடந்தவை என்பதால், அவற்றின் முடிவைப் பேரினம் முழுவதற்கும் பொதுவாக்க முடியாது.

அடுத்த தவறு, செடியின் எந்தப் பகுதியிலும் எல்லா மருந்தும் நிறைந்திருக்கிறது என்று எண்ணுவது. இச்செடியில் 100க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் கண்டறியப்பட்டுள்ளன, ஆனால் அவை எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. அஜ்மலிசின், செர்பென்டைன் ஆகியவை வேரில் மிகுதி. விண்டோலின் இலையில் உருவாகிறது, வேரில் அது சேர்வதில்லை. ஓர் இலையை நெருங்கிப் பார்த்தால் வியப்பான ஓர் ஏற்பாடு தெரியும்: காதரான்தின் என்னும் ஆல்கலாய்டு இலையின் மேற்பரப்பிலுள்ள மெழுகுப் பூச்சில் வந்து படிகிறது, விண்டோலினோ இலையின் உட்புறச் செல்களில் தங்கிவிடுகிறது. இவ்விரண்டும் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின். செடியே அவற்றைப் பிரித்து வைத்திருப்பதால் இலையில் வின்பிளாஸ்டின் மிக மிகக் குறைவாகவே உண்டாகிறது. 1 கிராம் பிரித்தெடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படுகிறது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, கைப்பிடி இலையை அரைத்துக் குடித்தால் புற்றுநோய் மருந்து உடலில் சேரும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அதே கைப்பிடி இலையில் மற்ற ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. அவை எவ்வளவு இருக்கின்றன, உடலில் என்ன செய்யும் என்பதைக் குடிப்பவர் கணிக்க வழியே இல்லை. பூவின் நிறத்தை வைத்து மருந்தின் அளவைக் கணிப்பதும் வீண், ஏனெனில் இதழுக்கு நிறம் தருபவை ஆந்தோசயனின் நிறமிகள், ஆல்கலாய்டுகள் அல்ல.

நீரிழிவுக்கு இது நல்லது என்ற நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் புற்றுநோய் மருந்தின் வரலாறே அங்குதான் தொடங்குகிறது. 1952இல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறையில் 25 இலைகள் கனடாவுக்கு வந்தன. நீரிழிவுக்கு ஜமைக்கா மக்கள் அந்த இலையின் தேநீரைக் குடிப்பதாகச் செய்தியும் உடன் வந்தது. வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஊசிவழியாகச் செலுத்தியபோது எலிகள் தொற்று நோயால் இறந்தன. வெள்ளணுக்கள் வீழ்ந்திருந்தன, எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. அந்த வீழ்ச்சியைப் பின்தொடர்ந்த நோபிளும் சார்லஸ் பியரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். சர்க்கரைக்காக இலையைத் தேடுபவர் இந்த வரலாற்றின் முன்பாதியை அறிந்திருக்கிறார், எலிகள் இறந்த பின்பாதியை அறியவில்லை. விலங்குகளில் சர்க்கரை குறைந்ததாகச் சொல்லும் பிற்கால ஆய்வுகளும் உண்டு, ஆனால் அவற்றை நம்பி ஒருவர் தம் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

இரண்டு மருந்துகளையும் ஒன்றாகக் கருதுவது இன்னொரு பிழை. வின்பிளாஸ்டினில் விண்டோலின் பகுதியின் நைட்ரஜன் அணுவோடு மெத்தில் தொகுதி இணைந்திருக்கும், வின்கிரிஸ்டீனில் அந்த இடத்தில் பார்மைல் தொகுதி இருக்கும். வேதிக் கட்டமைப்பில் வேறுபாடு இவ்வளவே. இரண்டுமே டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, செல் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்கள் உருவாகாமல் தடுக்கின்றன. ஆயினும் வின்பிளாஸ்டினால் எலும்பு மஜ்ஜைதான் அதிகம் பாதிக்கப்படுகிறது, வின்கிரிஸ்டீனால் நரம்புகள். நரம்பு இழையின் உள்ளே பொருள்களைக் கொண்டுசெல்லும் தண்டவாளமும் இதே நுண்குழல்கள்தான் என்பதால், விரல் நுனி மரத்துப்போவதும் கடும் மலச்சிக்கல் வருவதும் வின்கிரிஸ்டீன் பெறுபவர்களிடம் அடிக்கடி காணப்படுகின்றன.

வின்கிரிஸ்டீன் சிரைவழியாக மட்டுமே செலுத்தப்பட வேண்டிய மருந்து. தவறுதலாகத் தண்டுவடத் திரவத்துக்குள் செலுத்தப்பட்டால் அது பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். அப்படிப்பட்ட விபத்துகள் பல நடந்த பின்னரே, ஊசிக் குழலுக்குப் பதிலாகச் சிறிய திரவப் பைகளில் இம்மருந்தைத் தயாரிக்கும் நடைமுறை பரிந்துரைக்கப்பட்டது. இட்ராகொனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகள் கல்லீரலில் இது சிதைவதைத் தடுத்து நரம்புப் பாதிப்பைக் கூட்டுகின்றன. ஆகவே சிகிச்சையில் இருப்பவர், தாம் உட்கொள்ளும் மாத்திரைகளையும் வீட்டில் தயாரித்துக் குடிக்கும் சாறுகளையும் மருத்துவரிடம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் இச்செடியின் எந்தப் பகுதியையும் உட்கொள்ளக் கூடாது. தெரியாமல் ஏற்கெனவே குடித்திருப்பவர், செடியின் சரியான பெயரையும் எந்தப் பகுதியை எவ்வளவு, எத்தனை நாள் உட்கொண்டார் என்பதையும் குறித்து எடுத்துச் சென்றால், ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதிக்க வேண்டுமா என்பதை மருத்துவர் அங்கேயே முடிவு செய்ய முடியும்.